மழைக்குடத்தில் எண்பத்தாறு புள்ளி

போன மாதம் என்னுடைய பழைய கந்தோரிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மழையைத் தானாகவே அளந்து தானாகவே கோடு கீறும் பொறியொன்றை வைக்கப் போகிறார்களாம். அதற்கு முன்னர் பழைய மழைக் கணக்குகளை ஒழுங்குபடுத்த வேண்டுமாம். நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எழுதிவைத்த நாலு கொப்பிகளைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்த ஒருவர், "ஐயா, இதை எழுத மேலதிகச் சம்பளம் ஏதும் தந்தவையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஆரும் எழுதச் சொன்னவையோ?" அதுவும் இல்லை. "அப்ப என்னத்துக்கு எழுதினனீங்கள்?"

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, எழுத்துத்தான் வரும். ஆகவே தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பேனையை எடுத்துக்கொண்டு குந்தினேன்.

நான் வேலையில் சேர்ந்தது தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோர். எந்தக் கந்தோர் என்று சொல்லப் போவதில்லை. இங்கே வரும் பெரிய பிழை என்னுடையது. கந்தோரின் தலையில் அதைக் கட்டக்கூடாது. முதல் இரண்டு வருஷமும் கடிதங்களைப் பார்த்து எழுதினேன், கோடு கீறினேன், கோப்புகளுக்கு நாடா கட்டினேன். மையைச் சிந்தாமல் எழுதப் பழகியதும் மழைக் கணக்கை என்னிடம் தள்ளிவிட்டார்கள். அது யாருக்கும் விருப்பமில்லாத வேலை.

அப்போது குடாநாட்டில் பதினொரு இடங்களில் மழைமானி வைத்திருந்தோம். செம்பினால் செய்த ஓர் உருளை, அதன் மேல் பித்தளை விளிம்புள்ள புனல், உள்ளே தண்ணீர் சேர ஒரு போத்தல். நிலத்தில் அரைவாசி புதைத்து வைப்பது. ஊர்களில் இதை மழைக்குடம் என்பார்கள். அளப்பதற்குக் கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குவளை. அங்குலத்தின் நூறில் ஒரு பங்கை நாங்கள் புள்ளி என்போம். ஒவ்வொரு நாளும் காலையில் குறித்த நேரத்துக்கு அளந்து, அட்டையில் எழுதி, மாதம் முடிய அனுப்பவேண்டும். இதைச் செய்தவர்கள் ஒரு கோயில் ஐயர், இரண்டு வாத்தியார்மார், பட்டினத்துக்குப் பக்கத்துக் கொழும்புத்துறையில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார், மற்றவர்கள் தோட்டக்காரர்கள். ஒருவருக்கும் ஒரு சதமும் கிடையாது. வருஷக் கடைசியில் ஒரு நன்றிக் கடிதம் போகும். அதையும் நான்தான் ஒரே வசனத்தைப் பதினொரு தடவை எழுதி அனுப்புவேன்.

அந்த நாளில் இவர்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இருக்கவில்லை. சம்பளமில்லாமல் செய்கிறவன் எந்த லட்சணத்தில் செய்வான்? மழை பெய்தால் பார்ப்பான், மறந்தால் மனத்தில் வந்ததை எழுதுவான் என்று நினைத்துக்கொண்டு, அட்டையின் முன்பக்கத்தில் இருந்த எண்களை மட்டும் கொழும்புக்குப் போகும் படிவத்தில் பார்த்தெழுதுவேன். அட்டையின் பின்பக்கத்தில் 'குறிப்பு' என்று ஓர் இடம் இருந்தது. முக்கியமாக ஏதும் இருந்தால் அதை ஆங்கிலத்தில் மாற்றி எழுதவேண்டும் என்பது விதி. அவர்கள் அதில் பென்சிலால் நுணுக்கி நுணுக்கித் தமிழில் ஏதேதோ எழுதியிருப்பார்கள். சில மாதம் பார்ப்பேன். பல மாதம் பார்ப்பதில்லை.

எங்கள் பெரிய கிளாக்கர் மரியாம்பிள்ளை கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வருவார். மெல்லிய மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்று கேள்வி. அவர் சத்தம் போட்டதை ஒருவரும் கேட்டதில்லை; போட்டிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிழையைக் கண்டால் அந்தக் கடதாசியைக் கவிழ்த்து எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நாங்களாகவே நிமிர்த்தி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், "ஓம்" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு 'ஓம்' வாங்க எனக்கு ஒருமுறை முழு நாளும் பிடித்தது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணிக் கடைசி. எங்கள் அட்டைக் கணக்கில் ஆடி என்றால் ஜூலை, ஆவணி என்றால் ஓகஸ்ட். காலையில் என் மேசையில் ஒரு கடிதம் கவிழ்ந்து கிடந்தது. கொழும்பிலிருந்து வந்தது. தெல்லிப்பழைக்குக் கிட்ட ஒரு கிராமத்து அட்டையில், ஆடி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் எண்பத்தாறு புள்ளி மழை என்று பதிவாகியிருக்கிறது. அன்று குடாநாட்டின் மற்றப் பத்து இடங்களிலும் ஒரு துளி கூட இல்லை. பார்ப்பவர் நம்பத்தகாதவர் போலத் தெரிகிறது. விசாரித்து, திருப்தி இல்லாவிட்டால் கருவியைத் திருப்பி எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கவும். இதுதான் சாரம்.

கடிதத்தோடு மரியாம்பிள்ளையிடம் போனேன்.

"நாளைக்குக் காலைமை ரயிலிலை போம்," என்றார். "அவர் என்ன சொல்லுறார் எண்டு கேளும். மறுமொழி சரியில்லையெண்டால் கருவியைக் கிளப்பிக்கொண்டு வாரும்."

"எச்சரிச்சு ஒரு கடிதம் போட்டால் காணாதோ, சேர்?"

"சம்பளம் வாங்காத மனுசனை நாங்கள் தண்டிக்கேலாது, தம்பி. அவரிட்டை இருந்து எடுக்கக்கூடியது அது ஒண்டுதான்."

பியோனிடம் ஒரு வெறுஞ்சாக்கு வாங்கிக்கொண்டு மறுநாள் புறப்பட்டேன். அந்த மாத அட்டையும் என் பையில் இருந்தது. என்னுடைய நியமனம் அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. கொழும்புக் கடிதமொன்றைச் சுறுசுறுப்பாக முடித்துக் கொடுத்தால் நல்ல பெயர் வரும் என்ற நினைப்பில் ரயிலில் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பார்ப்பவரின் பெயர் வைத்திலிங்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். புகையிலையும் வெங்காயமும் வைக்கிற தோட்டக்காரர். நான் போய் வேலிப் படலையடியில் நின்றபோது அவர் கிணற்றடியில் குளித்து, நீறு பூசி, தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கந்தோரிலிருந்து வருகிறேன் என்றதும் முகமெல்லாம் பூத்துவிட்டது.

"எட்டு வருசத்திலை கந்தோராலை ஒருத்தரும் வந்ததில்லை, தம்பி! வாரும், வாரும். நல்ல நேரத்துக்கு வந்தீர். மணி அடிக்கப் போகுது."

மணி என்றது தூரத்திலிருந்த பாதிரிமாரின் கல்லூரி மணியை. அவரிடம் மணிக்கூடு இல்லை. கல்லூரி விடுமுறை நாட்களில் என்ன செய்வீர்கள் என்று மடக்குவதற்காகக் கேட்டேன். வேலிக்கு நட்ட ஒரு பூவரசங் கதியாலைக் காட்டினார். அதன் நிழல் அந்த நேரத்தில் எங்கே விழும் என்று மாதத்துக்கு ஒரு கல்லாகப் பன்னிரண்டு கல் பதித்து வைத்திருந்தார்.

மழைக்குடம் தோட்டத்தின் நடுவில், மரநிழல் படாத வெளியில் இருந்தது. சுற்றிவர ஒரு புல் இல்லை. அவர் முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மணி கேட்டது. புனலை இரண்டு கையாலும் தூக்கி, விளிம்பு மண்ணில் படாமல் ஒரு பலகையில் வைத்தார். போத்தலை வெளியில் எடுத்தார். சோளகக் காற்று வீசி மாதக்கணக்காக வரண்டு கிடந்த காலம்; போத்தலில் ஒன்றுமில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் அப்படி விடவில்லை. போத்தலைக் கண்ணாடிக் குவளையின் மேல் தலைகீழாகப் பிடித்து, உதடு அசைய இருபது எண்ணினார். குவளையைச் சமனான கல்லில் வைத்து, முழங்காலில் நின்று, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிள்ளைக்கு மருந்து அளக்கிற தாய் அப்படித்தான் பார்ப்பாள்.

"சைபர்," என்றார்.

வேறு எதையும் தொடுமுன் அட்டையில் எழுதினார். பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்திலும் ஏதோ எழுதினார். எல்லாவற்றையும் துடைத்துத் திரும்ப வைத்து எழும்பியபோது அவர் முகத்தில் இருந்த நிறைவை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துவிட்டு ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்படலாமா?

"என்ன கிடைக்குதெண்டு உதைச் செய்யிறியள், அண்ணை?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு முந்தி நல்ல மழை, எப்பன் தூறல் மழை எண்டு ரெண்டு மழைதான் தெரியும். ஒருநாள் ஓவசியர் ஒராள் இந்தக் குடத்தோடை வந்து, மழையை நூறாப் பிரிச்சு அளக்கலாம், ஆரும் பாப்பியளோ எண்டு கேட்டார். கேட்ட உடனை எனக்கு ஆசை வந்திட்டுது. முதல்நாள் பன்னிரண்டு புள்ளி. அண்டு முழுக்கத் தோட்ட வேலை ஓடேல்லை, தம்பி. போறவன் வாறவனுக்கெல்லாம் பன்னிரண்டு, பன்னிரண்டு எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான்."

நான் வந்த காரியத்துக்கு வந்தேன். குரலை உத்தியோகக் குரலாக்கிக்கொண்டு, "ஆடி மாதம் ஒரு நாள் எண்பத்தாறு எண்டு எழுதியிருக்கிறியள். அண்டு மழை பெய்ததோ?" என்றேன்.

"இல்லை."

"மழை பெய்யாமல் எண்பத்தாறு எப்பிடி வந்தது?"

"குடத்துக்குள்ளை எண்பத்தாறு கிடந்தது. கிடந்ததைத்தானே எழுதவேணும்? உள்ளதை அளந்து எழுதுக, உத்தேசமாக எழுதவேண்டாம் எண்டு உங்கடை அட்டையிலைதான் போட்டிருக்கு. மழை பெய்யேல்லை எண்டு பின்பக்கத்திலை எழுதினனானே. தம்பி பாக்கேல்லையோ?"

பையிலிருந்து அட்டையை எடுத்துத் திருப்பினேன். பென்சிலால் எழுதிய சின்னச் சின்ன எழுத்துகள்.

'மழை இல்லை. மேகம் இல்லை. மண் காய்ந்திருந்தது. ஆனால் போத்தலில் தண்ணீர் இருந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் விசாரித்து அறிவிக்கவும்.'

இன்னொருமுறை வாசித்தேன். அந்த அட்டைகளை நான் பார்த்தெழுதியது ஆடி அமாவாசைக்கு முதல்நாள். அப்பாவுக்குத் தீர்த்தமாட விடிய முன்னர் கீரிமலைக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் பதினொரு அட்டையில் ஒன்றின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. இந்த மனிதர் தன்னிடம் ஒரு புதினம் நடந்திருக்கிறது, விசாரியுங்கள் என்று கேட்டு எழுதிவிட்டு ஒரு மாதமாகக் காத்திருந்திருக்கிறார். நான் சாக்கோடு வந்து நிற்கிறேன்.

அந்த நேரத்தில் அவருடைய மனைவி நாகம்மா எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வார்க்க மூக்கு வைத்த மூக்குப்பேணியில், நம்மூர் வழக்கப்படி. அண்ணாந்து வாயில் ஊற்றப் போனவன் நின்றுவிட்டேன். பேணியின் அளவும் எண்பத்தாறு புள்ளித் தண்ணீரின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. "அண்ணை, அந்தக் குவளையை ஒருக்காத் தாங்கோ," என்றேன். குவளை ஐம்பது புள்ளிதான் கொள்ளும். முதலில் ஐம்பது வார்த்து அளந்து ஊற்றினேன். மிச்சத்தை வார்த்துக் குனிந்து பார்த்தேன். முப்பத்திரண்டு.

"எண்பத்திரண்டு," என்றேன். "நாலு புள்ளி குறையுது. அப்ப இது இல்லைப்போலை."

"நான் தளும்பத் தளும்ப வாத்தனான், தம்பி," என்றார் நாகம்மா. "உங்களுக்குக் குடிக்கத் தந்தது விளிம்பு விட்டெல்லோ."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். வைத்திலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதினமாகத்தான் இருந்தது.

"நீயே வாத்தனி?"

"ஓம்."

"ஏனப்பா?"

"வைகாசி முழுக்கச் சைபர், ஆனி முழுக்கச் சைபர். ஒவ்வொரு நாளும் குளிச்சு முழுகி வந்து, முழங்காலிலை நிண்டு பாத்துப் பாத்து ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டு எழுதிறியள். எனக்குப் பாக்கப் பொறுக்கேல்லை. ஒரு நாளைக்கெண்டாலும் எழுத ஏதும் கிடக்கட்டும் எண்டு கிணத்துத் தண்ணியை ஒரு பேணி வாத்துவிட்டன். நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு நினைச்சன். அண்டு முழுக்க நீங்கள் மண்டையைச் சொறிஞ்சுகொண்டு திரிஞ்சதைப் பாத்துப் பயந்து சொல்லாமல் விட்டிட்டன்."

"எடி விசரி! நான் எப்ப கவலைப்பட்டனான்? மழை இல்லையெண்டதையும் ஆரோ ஒருத்தன் நிச்சயமாச் சொல்லவேணுமெல்லோ? இந்த ஊரிலை அதைச் சொல்லுறவன் நான்தானே. சைபர் எழுதிற நாளும் எனக்கு நல்ல நாள்தான்."

இப்படிச் சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். என் கையிலிருந்த சாக்கை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது.

"உந்தச் சாக்கு குடத்தைக் கொண்டுபோகவோ?"

நான் தலையாட்டினேன்.

அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து அந்தக் கண்ணாடிக் குவளையைச் சுற்றினார். "ரயிலிலை அடிபடாமல் மடியிலை வைச்சுக்கொண்டு போம். இனி எடுக்கிற ஆளிட்டை ஒண்டு சொல்லும். குவளையிலை முப்பதுக்குக் கிட்ட ஒரு மெல்லிய கீறல் கிடக்கு. புதுசாப் பாக்கிற ஆள் அதைத் தண்ணியெண்டு நினைச்சிடுவார். வெளிச்சத்துக்கு எதிராப் பிடிச்சால் தெரியும்." நாகம்மா ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆனால் பிழை என்னுடையது என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "குடம் இருக்கட்டும், அண்ணை. நான் கந்தோரிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுஞ்சாக்கோடு நடந்தேன்.

ரயிலில் வரும்போது புத்தி வேறு பக்கம் வேலை செய்தது. பார்ப்பவரின் மனைவி தண்ணீர் வார்த்துவிட்டாள் என்று சொன்னாலே போதும். அது உண்மைதானே? குடத்தை எடுக்கச் சொல்வார்கள், அலுவல் முடிந்துவிடும். பின்பக்கத்தை ஒருவரும் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. என்னுடைய நியமனமும் தப்பும். பட்டினம் வரும்வரை இதை நினைத்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் கண்ணை மூடினால் சால்வையால் குவளையைச் சுற்றிய அந்தக் கை வந்து நின்றது.

மரியாம்பிள்ளை வெறுஞ்சாக்கைப் பார்த்தார். மைப்புட்டியை மூடினார். பேனையைத் துடைத்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லும்," என்றார்.

நான் அட்டையை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தேன்.

கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "உது அப்பவே இருந்ததோ?"

"ஓம், சேர்."

"நீர் பாக்கேல்லை."

"இல்லை, சேர். ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போற அவசரத்திலை..."

"தகப்பனுக்கோ?"

"ஓம்."

"தகப்பனுக்குச் செய்ததிலை ஏதும் குறை விட்டனீரோ?"

"இல்லை, சேர்."

"அப்ப அவசரத்திலையும் கவனமாச் செய்ய உமக்கு ஏலும். இஞ்சை செய்யேல்லை. அவ்வளவுதான்."

இன்றைக்கும் அந்த வசனம் எனக்கு வலிக்கிறது. நாகம்மா தண்ணீர் வார்த்ததையும் சொன்னேன். கொழும்புக்குப் பதிலை என்னையே எழுதச் சொன்னார். "முதல் உம்மடை பிழையை எழுதும். பிறகு அந்த மனுசியின்ரை பிழையை எழுதும். சம்பளம் வாங்கிறவையின்ரை பிழைதான் முன்னுக்கு வரவேணும்," என்றார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வைத்து அனுப்பினார். என்னுடைய நிரந்தர நியமனம் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. குடத்தின் கதி என்னவென்று கொழும்புதான் சொல்லவேண்டும்.

பதில் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருநாள் வேலை முடிந்ததும் அலுமாரியைத் திறந்து எட்டு வருஷத்துப் பழைய அட்டைகளை எடுத்து, பின்பக்கங்களை வாசிக்கத் தொடங்கினேன். வைத்திலிங்கத்தின் அட்டைகளை மட்டும் பார்ப்பதாகத்தான் இருந்தேன். மற்றப் பத்துப் பேரும் என்னை விடவில்லை.

'இன்று இரண்டு புள்ளி. எண்ணத் தகாத மழை. ஆனாலும் மண் மணத்தது.' இது ஒரு வாத்தியார். 'கடல் இரைச்சல் பெரிதாகக் கேட்டபடியால் மழை வருமென்று மகனைப் போகவேண்டாமென்றேன். வரவில்லை. மகன் கோபம்.' இது கொழும்புத்துறைச் சம்மாட்டியார். 'மகளுக்கு இன்று கலியாணம். மணவறையிலிருந்து எழும்பிப் போய் அளந்தேன். பதினேழு புள்ளி.' இது கோயில் ஐயர். 'காய்ச்சல் காரணமாகக் கை நடுங்கியது. மூன்று தரம் பார்த்தேன். முப்பத்தொன்று சரி.' இது வைத்திலிங்கம்.

யாருக்காக எழுதினார்கள் இவர்கள்? நான் வாசிப்பேன் என்றா? வாசிக்காத கழுதை நான். ஒருவரும் வாசிக்காவிட்டாலும் எழுதியிருக்கிறார்கள். பகல் முழுக்கச் சம்பளத்துக்கு எழுதிக் களைத்த கை, அதற்குப் பிறகு களைப்பில்லாமல் எழுதியது. ஒரு கொப்பி வாங்கித் திகதிவாரியாகப் பார்த்தெழுதத் தொடங்கினேன். பகலில் செய்த வேலை என்னுடைய உத்தியோகம். பின்னேரம் கந்தோர் வெறிச்சோடிய பிறகு செய்த அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு ருசித்தது. போன மாதம் வந்து, என்னத்துக்கு எழுதினனீங்கள் என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு இதைவிட வேறு மறுமொழி சொல்ல என்னிடம் இல்லை.

மரியாம்பிள்ளை ஒருநாள் சைக்கிளை எடுக்கத் திரும்பி வந்தவர் இதைக் கண்டார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் என் மேசையில் ஒரு மைப்புட்டி இருந்தது. கந்தோர் மை அல்ல, கடையில் வாங்கியது. நான் நன்றி சொல்லப் போனபோது, "என்ன மை?" என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டார்.

புரட்டாதியில் கொழும்புப் பதில் வந்தது. பதில் இல்லை, இன்னொரு கேள்வி. 'கிளாக்கரின் தவறு கவனிக்கப்பட்டது. ஆனால் பார்ப்பவரின் மனைவி என்ன காரணத்துக்காகத் தண்ணீர் ஊற்றினார் என்பது அறிவிக்கப்படவில்லை. கணக்கைக் கெடுக்கும் நோக்கம் இருந்திருந்தால் கருவி எடுக்கப்படவேண்டும். காரணம் தெரிவிக்கவும்.'

மரியாம்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "அந்த மனுசி சொன்னதை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லும்." சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். அரைப்பக்கம் எழுதிக் கிழித்தார். இன்னொன்று எழுதினார், அதையும் கிழித்தார். கடதாசியின் இரண்டு பக்கமும் எழுதாமல் எறிய விடாத மனிதர் அவர். மூன்றாவது தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். விரல்கள் மேசையில் ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டன. பிறகு காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். ஆங்கிலத்தில் நாலே எழுத்து; தமிழில் மூன்று, அன்பு.

"முப்பது வருசத்திலை அரசாங்கக் கடதாசியிலை நான் உந்தச் சொல்லை எழுதினதில்லை," என்றார். "வேறை சொல் ஏதும் பொருந்துமோ, தம்பி?"

"இல்லை, சேர்."

"ஓம்," என்றார். வழக்கமாகச் சுருக்கி வைக்கும் கையெழுத்தை அன்று முழுப்பெயராக வைத்தார்.

இரண்டு வாரத்தில் அதே தாள் திரும்பி வந்தது. கீழே சிவப்பு மையில் யாரோ ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: 'பார்த்தேன். கருவி இருந்த இடத்தில் இருக்கலாம்.'

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் காலை ரயிலில் தெல்லிப்பழைக்கு ஓடினேன். படலையைத் திறந்து, "அண்ணை!" என்று கூப்பிட்டபடி போனேன். வைத்திலிங்கம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, பொறு என்று காட்டினார். மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் அட்டையும் பென்சிலுமாக நின்றார். முழங்காலில் நின்றது நாகம்மா அக்கா. போத்தலைக் கவிழ்த்துப் பிடித்து இருபது எண்ணிவிட்டு, குவளையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனார். பார்த்தார். கீறலோ தண்ணியோ என்று வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து இன்னொருமுறை பார்த்தார்.

"சைபர்," என்றார். "எழுதுங்கோ."

வைத்திலிங்கம் எழுதினார். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். நாகம்மா அக்கா புனலைத் துடைத்து வைத்து முடியும்வரை பார்த்து நின்றுவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிச் சொல்லும், தம்பி. குடம் இருக்கோ, போகுதோ?"

"இருக்கு, அண்ணை."

அவர் குனிந்து புனலின் விளிம்பை இன்னொருமுறை துடைத்தார். நாகம்மா அக்காதான் மண் ஒட்டிய கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"அப்ப நாளைக்கும் அளக்கலாம்," என்றார்.